பண்ணைத் தாம்போதியும் முழங்காலும்

யாழ்ப்பாணத்தில் மலையில்லை, ஆகையாற் சயிக்கிள் ஓட்டுவோரின் முழங்காலுக்கு இடரில்லை என்பர். ஆனி ஆடியிற் பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்குச் சென்றவர் அங்ஙனம் கூறார். இருமருங்கும் பரவைக்கடல், மீன்பிடிக்க நட்ட தடிகளின்மேல் நீர்க்காகங்கள், ஒதுங்குதற்கு ஒரு மரநிழல்தானும் இல்லை. தென்மேற்கிலிருந்து எதிர்த்துவரும் சோளகமே அங்கு மலை.

நாற்பதைக் கடந்த நாம் புறப்படுமுன் இருக்கையின் உயரத்தை நோக்குதல் வேண்டும். நம்மவர் பலர், நின்றவுடன் கால் நிலத்தில் ஊன்றவேண்டுமென்று அதனைத் தாழ்த்தி வைப்பர். அதனால் மிதிக்குந்தோறும் முழங்கால் மிகுதியாக மடங்க, சிரட்டையின் பின்புறம் அழுத்தமுறும். கீழிறங்கிய மிதியிற் குதிக்காலை வைத்தாற் கால் நேராக நீளவேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். இதற்கு ஒரு ஸ்பனர் போதும்.

கியருள்ள வண்டிக்காரர் எதிர்காற்றில் இலகுவான கியரிற் கால்களை விரைந்து சுழற்றலாம். நமது பழைய வண்டிக்கு அவ்வசதி இல்லை. முழங்கால் கனத்ததும் இறங்கி உருட்டுவோம். கடந்துசெல்லும் மாணவர் சிரிப்பர், சிரிக்கட்டும். மாலையில் மீளும்போது அதே சோளகம் முதுகைத் தள்ளும். கோட்டை மதில் கண்ணிற்படும்வரை பாதி மிதித்தாற் போதும்.