சாவியைக் கொடுத்தோம், சொல்ல வேண்டியதைச் சொன்னோமா?

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் மகளுக்கு 21 வயது நிறைந்தது. நம் வீடுகளில் 21ஆம் பிறந்தநாள் என்றால் சும்மாவா? ஸ்கூடாயில் மண்டபம் எடுத்தோம். மேசை நடுவில் சாவி வடிவத்தில் கேக். அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய சாவியை எல்லார் முன்னிலையிலும் அவள் கையில் கொடுத்து, "இனி உன் முடிவு உன் கையில்" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த மாதமே அவள் தோழிக்கும் 21 பிறந்தது. சனிக்கிழமை இரவு மவுண்ட் ஆஸ்டின் பக்கம் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். "சாப்பிட்டுட்டு வந்துடுறேன் பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தூங்கிவிட்டேன்.

அன்று நடந்தது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் என் அக்கா சொல்லி. அக்கா முப்பது ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

இரவு 1.30 மணிக்கு மகள் அவரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். பிறந்தநாள் கொண்டாடிய பெண் வெறும் வயிற்றில் மளமளவென்று விஸ்கி குடித்து, நினைவு தப்பிக் கிடந்தாள். உடன் வந்தவர்கள் அவளைக் காரின் பின் இருக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்து, "தூங்கட்டும், காலையில சரியாயிடும்" என்றிருக்கிறார்கள். காரை ஓட்ட இருந்தவனும் குடித்திருந்தான்.

அக்கா கேட்டது இரண்டே கேள்விகள். "கூப்பிட்டா கண்ணத் திறக்குறாளா? மூச்சு எப்படி இருக்கு?" கண் திறக்கவில்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது. "ஒருக்களிச்சுப் படுக்க வை. காப்பி, தண்ணி எதையும் வாயில ஊத்தாத. 999க்கு அடி. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பக்கத்துலயே இரு."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தப் பெண் வாந்தி எடுத்தாள். ஒருக்களித்துக் கிடந்ததால் அது வெளியே போனது. மல்லாந்து கிடந்திருந்தால் மூச்சுக்குழாயை அடைத்திருக்கும். "மறுநாள் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனது அதனாலதான்" என்றார் அக்கா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகளைக் கூப்பிட்டேன். "அப்பா வீட்லதானே இருந்தேன்? ஏன் அத்தைக்கு அடிச்ச?"

அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க முதல்ல 'அங்க உனக்கு என்ன வேல'ன்னுதான் கேட்டிருப்பீங்க பா. அத்தை 'மூச்சு எப்படி இருக்கு'ன்னு கேட்டாங்க."

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் நான் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நான் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். சம்பள நாள் என்றால் எங்களுக்குப் பயம். அப்பா சம்சு குடித்துவிட்டு வருவார். அம்மா அரிசிக்காக ஒளித்து வைத்த காசையும் தேடி எடுப்பார். என் வீட்டில் அந்தப் பேச்சே இருக்கக்கூடாது என்று பத்து வயதில் முடிவு செய்தேன். அந்த வைராக்கியம் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1947இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்து போலீசிடம் அடி வாங்கினார்கள். ஆனால் அவர்கள் ஊரைக் கூட்டிப் பேசினார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். முகம் சுளித்தாலே பாடம் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அக்காவை வரச் சொன்னேன். மகளும் 17 வயது மகனும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். நானும் மாணவனாக உட்கார்ந்தேன்.

"குடிக்காம இருக்கிறதுதான் நல்லது. அத முதல்ல சொல்லிடுறேன்" என்று அக்கா தொடங்கினார். பிறகு கணக்குக்கு வந்தார். 5 விழுக்காடு பீர் 330 மில்லி டின் ஒன்றில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 40 விழுக்காடு விஸ்கியில் 30 மில்லி ஊற்றினாலே கிட்டத்தட்ட 10 கிராம். அந்த 10 கிராமைக் கரைக்க ஈரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். ஆளுக்கு ஆள் இது மாறும். குளித்தாலும் காப்பி குடித்தாலும் ஈரல் வேகமாக வேலை செய்யாது. நள்ளிரவில் நான்கு டின் முடித்தவன் விடியற்காலை மோட்டாரை எடுத்துச் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும்போதும் அது உடம்பில்தான் இருக்கும்.

பாலத்தின் இரு பக்கமும் சட்டம் ஒன்றல்ல. சிங்கப்பூரில் 18 வயதில் மது வாங்கலாம். இங்கே 2017 டிசம்பர் முதல் 21. அங்கே வாகனமோட்டிக்கு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரம்பு. இங்கே 50தான். 2020இல் திருத்திய சட்டப்படி, போதையில் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை. உயிர்ப்பலி ஏற்பட்டால் 10 முதல் 15 ஆண்டு சிறை.

மகன் கேட்டான்: "விலை மலிவா கிடைக்கிறத வாங்குறாங்களே, அத்தை?" அக்கா முகம் மாறியது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். வாசனையிலோ ருசியிலோ மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்த மறுநாள் கண் மங்கினால் 'ஹேங்கோவர்' என்று படுத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கையை விட்டுப் போன கிளாஸைத் திரும்பத் தொடக்கூடாது, யாரையும் தனியாக விட்டுவிட்டு வரக்கூடாது என்பதையும் அக்கா பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல வைத்தார்.

உறவினர் ஒருவர், "பிள்ளைங்களுக்குக் குடிக்கக் கத்துக்குடுக்குறியா?" என்று கேட்டார். தோட்டத்துக் குளத்தில் யாரும் குளிக்கக்கூடாது என்று பெற்றோர் மிரட்டிய காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மிரட்டலையும் மீறி நாங்கள் குளித்தோம். எங்களைக் காப்பாற்றியது மிரட்டல் அல்ல. நீச்சல் தெரிந்த ஓர் அண்ணன் கரையில் இருந்ததுதான்.

கடைசியில் நான் பேசினேன். "எந்த நேரமானாலும் எனக்கு அடிங்க. 'எங்க இருக்க'ன்னு மட்டும்தான் கேப்பேன். மத்தத காலையில பேசிக்கலாம்."

போன மாதம் இரவு 12.40க்குத் தொலைபேசி மணி அடித்தது. "அப்பா, கார் ஓட்டுறவன் குடிச்சிருக்கான். கிராப்பும் கிடைக்கல. வர்றீங்களா?"

'அங்க உனக்கு' என்பது வரை தொண்டைக்கு வந்தது. விழுங்கினேன். "எங்கம்மா இருக்க?"

கைலியோடு காரை எடுத்தேன். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி வீடு மாசாய், இன்னொருத்தி தாமான் யுனிவர்சிட்டி. இரண்டும் இரண்டு கோடி. இருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கதவு சாத்தும் வரை காத்திருந்தோம். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு சிரமம் என்று தகப்பன்மார்களுக்குத் தெரியும்.

காலையில் பசியாற உட்கார்ந்தோம். தோசையைப் பிட்டபடி, எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் கேட்பதற்குள் அவளே சொல்லத் தொடங்கினாள்.