பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்

ஒரு போல்ட் தலைக்கு ஆறு மூலை. ஸ்பேனர் பிடிப்பது அந்த மூலைகளை நம்பித்தான். மூலை மழுங்கி உருண்டையாகி, உள்ளே மரையும் துருவில் இறுகிப் போச்சுன்னா, சில ரூபாய் சாமான் ஒன்று மொத்த இன்ஜினையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மோட்டார், டிராக்டர், கலப்பை என்று இரும்போடு பிழைக்கிற விவசாயிக்கு இது புதுசில்லை. டவுனில் இருக்கிறவங்களுக்கு வண்டி சர்வீஸுக்குப் போகும், பில்லோடு திரும்பி வரும். நடுவில் என்ன நடக்குதுன்னு பார்க்க வாய்ப்பில்லை. அதனால இதைக் கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

ரமணாசிரமம் செங்கம் ரோட்டில் இருக்கிறது. பெரிய கோயிலிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் வரும். கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி, தை, மாசி வரைக்கும் இந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற பருவம். எங்களுக்கு அறுவடை எப்படியோ, இங்கே வாடகை கார் ஓட்டுகிறவர்களுக்கு அந்த மாதங்கள் அப்படி. சென்னை ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி, பாண்டிச்சேரிக்கு ஒரு சவாரி என்று அப்போது ஓடினால்தான் கோடையில் அடுப்பு எரியும். எங்க தெருவில் ஒரு தம்பி பழைய அம்பாசடர் டீசல் வைத்திருக்கிறான். வெள்ளைக்காரர்கள் அந்த வண்டியைப் பார்த்தே ஏறுகிறார்கள். அது நின்றால் அவன் வீட்டில் வேறு வருமானம் இல்லை.

போன மார்கழியில் அதன் வாட்டர் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. அதை இப்படியே ஓட்டினால் பாதி வழியில் இன்ஜின் கொதித்து ஹெட் வளைந்துவிடும். புது பம்ப் வாங்கி, டவுனில் ஒரு ஷெட்டில் விட்டான். மற்ற போல்ட் எல்லாம் வந்துவிட்டது. கீழே இருந்த ஒன்று மட்டும் வரவில்லை. ரிங் ஸ்பேனர் வழுக்க, பைப் ரென்ச் போட்டிருக்கிறார்கள். அதுவும் வழுக்கி, தலை கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. "இன்ஜினை இறக்கணும், நாலு நாள் ஆகும், பிளாக் போச்சுன்னா எங்கள கேக்காத" என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு மறுநாள் கழித்து விடியற்காலை ஏர்போர்ட் சவாரி. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்க கொட்டகையில் நிறுத்தினான். ஏர், கலப்பை பற்ற வைக்க என்னிடம் வெல்டிங் செட் இருக்கிறது, அதுதான் காரணம்.

"ணா, வண்டிய எடைக்குப் போடச் சொல்றாங்க ணா" என்றான். குரல் சரியில்லை.

லேத் பட்டறை வைத்திருந்து இப்போது வீட்டோடு இருக்கிற பெரியவர் ஒருவரைப் போய்க் கூட்டி வந்தோம். அவர் வந்ததும் போல்ட்டைப் பார்க்கவில்லை. "இன்னா ஸ்பேனர் போட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பதிமூணாம் நம்பர் என்றான் தம்பி. பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வைத்துச் செய்தது. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே வரை கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். பின்னாளில் இசுசு இன்ஜின் போட்ட வண்டிகளும் வந்தன. ஆனால் பழைய 1489 சிசி இன்ஜினில் எல்லாமே இஞ்ச் கணக்கு. அந்த போல்ட்டின் தலை அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். இப்போது எந்த ஷெட்டுக்குப் போனாலும் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர். 12 போகாது, 13 சுலபமாகப் போகும். நடுவில் இருக்கிற இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான். லேசாக இறுகிய போல்ட்டுக்கு அது போதும், கழன்று வந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டில் அந்த 0.3 மில்லிமீட்டர்தான் எமன். ஸ்பேனர் பக்கத்தைப் பிடிக்காமல் மூலையை மட்டும் அழுத்தும். அழுத்த அழுத்த மூலை மழுங்கும்.

ரொம்ப நாளாகப் பம்ப் கசிந்து, கீழ் போல்ட் மேலேயே தண்ணீர் வடிந்திருக்கிறது. கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்பும் துருவும் கட்டும். இரும்பு துருவானால் முன்னைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்குள் அந்த அதிக இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் ஆப்பு வைத்த மாதிரி இறுகிவிடுகிறது.

பெரியவர் அன்றைக்குச் சாயங்காலம் செய்த வேலை மூன்றே மூன்று. கம்பி பிரஷால் தலையைச் சுற்றிச் சுத்தம் செய்தார். துரு இளக்குகிற எண்ணெயை அடித்தார். போல்ட் தலையில் நேராகச் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு தட்டினார், ஓங்கி இல்லை, துரு விரிசல் விடுகிற அளவுக்கு. பிறகு திரும்பவும் எண்ணெய். "ராத்திரி அப்டியே வுடு" என்று கிளம்பிவிட்டார். தம்பிக்குப் பொறுக்கவில்லை, ஒரு தடவை திருப்பிப் பார்க்கலாமே என்றான். இந்தத் தெருவில் 'சும்மா இரு' என்பதைப் புரிந்துகொள்ள எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கும் முதல் வைத்தியம் அதுதான்.

காலையில் 12ஆம் நம்பர் சாக்கெட் ஒன்றைக் கொண்டு வந்தார், உள்ளே ஆறு மூலை மட்டும் இருக்கிற வகை. பன்னிரண்டு மூலை சாக்கெட் மழுங்கின தலையில் நிற்காது. தலையைவிட 0.7 மில்லிமீட்டர் சின்ன சாக்கெட் அது. மழுங்கிப்போன தலையில் அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றினார். நன்றாகக் கவ்வியது. கைப்பிடி போட்டு மெதுவாக அழுத்தினார். ஸ்பேனர் ஒரு விரற்கடை நகர்ந்தது. தம்பி முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் கையைத் தளர்த்தினார், ஸ்பேனர் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. இன்னொரு தடவை, அதே மாதிரி.

"இது திரும்பல. முறுக்கிக்குது" என்று சாக்கெட்டைத் தட்டி வெளியே எடுத்துவிட்டார்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். தலை திரும்புகிறது, மரை நகரவில்லை, நடுத்தண்டு முறுக்குகிறது என்று அர்த்தம். இன்னும் நாலு கிலோ பலம் கொடுத்திருந்தால் தலை கையோடு வந்திருக்கும், தண்டு பிளாக்குக்குள் நின்றிருக்கும். அப்புறம் நடு மையம் பார்த்து ட்ரில் போட வேண்டும். ஈஸி அவுட் என்று இடப்பக்க மரை போட்ட ஒரு சாமான் உண்டு, அதைச் செருகித் திருப்பிப் பார்க்க வேண்டும். அது கெட்டி எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண ட்ரில் அதன் மேல் ஏறாது. ஷெட்டில் சொன்ன 'இன்ஜின் இறக்கணும்' அப்போதுதான் நிஜமாகும்.

ஆக, இதில் வரிசைதான் முக்கியம். எது குறைவாகக் கெடுக்குமோ அதை முதலில் செய்ய வேண்டும். எண்ணெய், தட்டு, சரியான சாக்கெட், அப்புறம் சூடு, கடைசியில் ட்ரில். ஒவ்வொரு தப்பான முயற்சியும் அடுத்த முயற்சிக்கு மிச்சமிருக்கிற பிடியைத் தின்றுவிடும். பைப் ரென்ச்சை முதலில் எடுத்தால் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் இருக்காது.

அடுத்தது சூடு. பேட்டரி ஒயரைக் கழற்றினோம், வெல்டிங் கரண்ட் டைனமோ பக்கம் போகக்கூடாது. டீசல் ஓஸ் மேல் ஈரச் சாக்கு போட்டோம், பக்கத்தில் ஒரு பக்கெட் மணல். மழுங்கின தலை மேல் ஒரு பெரிய நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங் ராடை விட்டு நிரப்பினார் பெரியவர். இதில் இரண்டு லாபம். போல்ட்டுக்குப் புதுசாக ஆறு மூலை கிடைக்கிறது. வெல்டிங்கின் சூடு அப்படியே தண்டுக்குள் இறங்குகிறது. நல்ல சூட்டில் போல்ட்டும் துளையும் விரிந்து சுருங்கும். எட்டு மில்லிமீட்டர் துளை 200 டிகிரி சூடேறினால் விரிவது சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். தலைமுடி தடிமன்கூட இல்லை. துருவை உடைக்க அது போதும்.

சிவப்பு அடங்கினதும் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து போல்ட் ஓரத்தில் வைத்தார். மெழுகு உருகி, எண்ணெய் போகாத சந்தில் எல்லாம் தானே இறங்கியது. பிறகு புது நட்டில் ஸ்பேனர் போட்டு, கழற்றுகிற பக்கம் இல்லை, இறுக்குகிற பக்கம் ஒரு துளி திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம்.

"வந்துட்டான்" என்றார்.

அப்புறமும் அவசரப்படவில்லை. கால் சுற்று கழற்றுவார், அரைக்கால் சுற்று திரும்ப இறுக்குவார், எண்ணெய் விடுவார். உடைந்த துருத்தூள் மரையில் சேர்ந்து மறுபடி இறுக்காமல் இருக்க அப்படி. கால் மணி நேரத்தில் போல்ட் முழுசாகக் கையில் வந்தது. தம்பி அதைக் கையில் வாங்கினான், சூடு தாங்காமல் கீழே போட்டான், திரும்பவும் எடுத்தான்.

5/16 இஞ்ச் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்து, புது போல்ட்டில் கிரீஸ் தடவி, பம்ப் பூட்டி, கூலன்ட் ஊற்றியபோது மத்தியானம் இரண்டு மணி. பெரியவர் காசு வாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு மூட்டை நிலக்கடலை எடுத்துப் போனார், அதுவும் தம்பி ஆட்டோவில் ஏற்றி விட்டதால். ராத்திரி ஒரு மணிக்கு அம்பாசடர் சென்னைக்குக் கிளம்பின சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது.

அந்த போல்ட், வெல்டிங் வைத்த நட்டோடு, எங்க கொட்டகை ஆணியில் தொங்குகிறது. அரை இஞ்ச் ரிங் ஸ்பேனர் ஒன்று தம்பி வண்டியில் இருக்கிறது. எந்த ஷெட்டுக்குப் போனாலும் அதை அவனே எடுத்துக் கொடுக்கிறான்.

உங்க வண்டியும் ஒரு நாள் இப்படி நிற்கலாம். மெக்கானிக் பக்கத்தில் நின்று அந்த ஸ்பேனரை மட்டும் கவனியுங்கள். அழுத்தினால் நகர்ந்து, விட்டால் பழைய இடத்துக்கே வருகிறதா? 'போதும், நிறுத்துங்க, சூடு பண்ணிப் பாக்கலாம்'னு சொல்லிடுங்க. அதைச் சொல்ல உங்களுக்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.