கிரீன் பாத் ஓவியச் சந்தை

ஹெவ்லொக் டவுன் சகோதரிகளே, தும்முல்லைச் சந்தியைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் விகாரமகாதேவிப் பூங்காவை அடுத்த கிரீன் பாத் வரும். ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரால் அமைந்த மன்றம் 1993இல் அங்கே தொடங்கிய வருடாந்தச் சந்தைதான் 'கலா பொல'. நுழைவுக் கட்டணம் கிடையாது. வரைந்தவரே படங்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இடையில் தரகர் இல்லை. உருவப்படம் வேண்டாமென்போருக்கு இயற்கைக் காட்சிகள் தாராளமாக உண்டு. பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள், கூச்சமின்றிக் கேள்வி கேட்பார்கள்.

விலையை மட்டும் புறக்கோட்டையில் போல அடித்துப் பேசாதீர்கள். மருதமுனைக் கைத்தறிச் சேலைக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு என்பது நமக்குத் தெரியாததா? வாங்க வசதியில்லையா, நன்றாயிருக்கிறதென்று வரைந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வெயில் கடுமை, குடையை மறவாதீர்கள்.