தடை எங்கே?

'இன்னும் வரன் அமையலையா? ஒரு தடவை திருவிடந்தை போயிட்டு வாங்களேன்!'

சென்னையில் கல்யாண வயதில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் வீட்டுக்கு இந்த யோசனை எப்படியும் ஒரு நாள் வந்து சேரும். சொல்வது பக்கத்து ஃப்ளாட் மாமியாக இருக்கலாம், ஆபீஸ் நண்பராகவும் இருக்கலாம்.

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில். காலவ ரிஷிக்கு 360 பெண்களாம். தினம் ஒருத்தியாக அத்தனை பேரையும் மணந்துகொண்ட பெருமாள், கடைசியில் எல்லோரையும் ஒருத்தியாக்கித் தன் இடப்பக்கத்தில் சேர்த்துக்கொண்டார் என்கிறது தலபுராணம். 'திரு இட எந்தை'தான் திருவிடந்தை ஆயிற்று. இங்கே அர்ச்சனை செய்து, தருகிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

சுற்றுகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தால் இன்றைய நடுத்தர வர்க்கத் தமிழ்நாடு மொத்தமும் தெரியும். வாரம் முழுக்க ஐ.டி. கம்பெனியின் அடையாள அட்டை தொங்குகிற கழுத்தில், அன்றைக்கு மட்டும் மாலை. பின்னாலேயே கவலையோடு அப்பா, அம்மா.

அப்படி ஒரு அப்பாவோடு பேச்சுக் கொடுத்தேன். ரிட்டயர்டு அரசு ஊழியர்.

"ஏழு வருஷமா பார்க்கிறோம் சார். ஏதோ கல்யாணத் தடை."

"என்ன தடை சார்?"

"ஜாதகம் சேர்ந்தா படிப்பு சேரலை. ரெண்டும் சேர்ந்தா நம்ம ஆளுங்களா இருக்கிறதில்லை. அதுலயும் உட்பிரிவு பார்க்கணுமே."

"பொண்ணு யாரையாவது விரும்புறாங்களான்னு கேட்டீங்களா?"

"சேச்சே! நாங்க அப்படி வளர்க்கலை சார்."

அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடன் வாங்கிப் பெண்ணை இன்ஜினீயரிங் படிக்க வைத்தவர். கம்பெனி வேலையாக ஆறு மாதம் அமெரிக்காவுக்குத் தனியாக அனுப்பியவர். எந்த ஊருக்குப் போகலாம், எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதில் மகளை முழுசாக நம்புகிறார். யாரோடு வாழலாம் என்பதில் மட்டும்தான் நம்பிக்கை வரவில்லை. நம் நவீனம் எந்த இடத்தில் பிரேக் போடுகிறது, பார்த்தீர்களா?

இது அவர் ஒருவர் கதை அல்ல. 2011-12-ல் எடுத்த இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் சாதி மாறி நடக்கும் திருமணங்கள் நூற்றுக்கு சுமார் 5தான். தரகர் பையில் இருந்த போட்டோவும் ஜாதகமும் வெப்சைட்டுக்கு மாறிவிட்டன. அங்கேயும் சாதிக்கு ஒரு கட்டம், உட்பிரிவுக்கு ஒரு கட்டம். கம்ப்யூட்டர் வந்ததால் சாதி போகவில்லை. தேடுவதற்குச் சுலபமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இது எந்த மாவட்டம்? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில்தான் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் முதல் மாகாண மாநாட்டை நடத்தியது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், ஆணும் பெண்ணும் சாதி மதம் பார்க்காமல் தங்கள் துணையைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றெல்லாம் தீர்மானம் போட்ட மாநாடு அது. பெண்ணின் திருமண வயது 14 என்ற சாரதா சட்டம்கூட அப்போது வந்திருக்கவில்லை!

1967-ல் அண்ணா ஆட்சி, சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலே போதும். மந்திரம் வேண்டாம், ஜாதகம் வேண்டாம்.

சாதி மாறி மணப்பவர்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டத்தில் தாலிக்கு 8 கிராம் தங்கமும் ரொக்கமும் அரசே தருகிறது. ஆனால் அதே தமிழ்நாட்டில்தான் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, பட்டப்பகலில், மனைவியின் கண் முன்னால் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட கவின், சென்னையில் ஐ.டி. வேலை பார்த்தவர். சொந்தக் காலில் நிற்கும் படித்த இளைஞர். அந்தப் படிப்பும் சம்பளமும் அவரைக் காப்பாற்றவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராய நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது தமிழக அரசு.

சட்டம் அவசியம்தான். ஆனால், அரிவாள் எடுப்பவர்கள் சிலர். 'நாங்க அப்படி வளர்க்கலை' என்று பெருமையோடு சொல்பவர்கள் லட்சக்கணக்கானவர்கள். இந்த லட்சம் பேரும் தன் பக்கம்தான் என்று அந்தச் சிலர் நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கொலையைக் கண்டிக்கிற நாமே, அந்தப் பெருமையை மட்டும் வீட்டில் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

கோயிலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை உங்கள் உரிமை. கிளம்புவதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையிடமோ பெண்ணிடமோ ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'உனக்கு யாரையாவது பிடிச்சிருக்கா?'

பதில் சொல்ல அவர்கள் தயங்கினால், தடை ஜாதகத்தில் இல்லை. அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள்.