பங்கு வீட்டின் காவல்

ஜூன் 3, 2025, செவ்வாய். காரைக்குடி.

பின்கட்டுக் கதவின் பித்தளைக் குமிழ்களில் மூன்றைக் காணவில்லை என்று ஆத்தா போன வாரம் தொலைபேசியில் சொன்னபோது அவள் குரலில் பதற்றமே இல்லை. இன்று விடியற்காலையில் வந்து இறங்கி, குமிழ் இருந்த இடத்தில் வெயில் படாமல் நிறம் காத்துக் கிடந்த தேக்கையும், நெம்பியதில் பிளந்து நின்ற சிராயையும் விரலால் தடவிப் பார்த்தபோது எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது. எண்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தி தனியாகப் படுத்துறங்கும் வீட்டில், எவனோ ஒருவன் அவசரமே இல்லாமல் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்து முடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

எங்கள் வீடு ஒரு தெருவில் முகப்பை வைத்து மறுதெருவில் பின்வாசலை வைத்திருக்கும் செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று நீண்டு செல்வது. பர்மாவிலிருந்து தேக்கு வந்த காலத்தில் பாட்டனார் கட்டியது. இன்று ஐந்து பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டது. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் நூறு இலை விழுகிற வளவில் மற்ற நாட்களில் ஆத்தா ஒருத்தியின் காலடியோசைதான் கேட்கிறது. என் பாலியத்தில் முகப்புத் திண்ணையில் காவல்காரர் ஒருவர் அரிக்கன் விளக்கோடு படுத்திருப்பார். அவருடைய இருமலே எங்களுக்குத் தாலாட்டாக இருந்தது. முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில், பிரிக்கப்பட்ட வீடுகளின் நிலைகளும் தூண்களும் சுவரில் சாய்ந்து நிற்பதை ஊரார் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை உரியவர்கள் மனமொப்பி விற்றவை. ஆயினும் பழம்பொருளுக்கு விலையுண்டு என்று ஊருக்குத் தெரிந்துவிட்ட பிறகு, ஆளில்லாத வீட்டின் கதவுக் குமிழ்கூடக் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

கேமரா மாட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

கேமராவும் திரையும் கம்பியால் பிணைந்த இந்தச் சாதனத்தின் சரித்திரத்தை இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டே ராக்கெட் தளத்தில், வெடித்தாலும் வெடிக்கக்கூடிய ராக்கெட்டைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்காக வைக்கப்பட்டது இதன் தொடக்ககால வடிவங்களில் ஒன்று என்பதைப் படித்தபோது என் மனம் அதில் ஒட்டவில்லை. ஒட்டியது இன்னொரு வரலாறு. நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற தாதி வாழ்ந்துவந்தாள். அவளுக்கும் மின்னணுத் தொழில்நுட்பரான அவள் கணவர் ஆல்பர்ட்டுக்கும் வேலை நேரங்கள் ஒத்துவராததால், பல இரவுகளில் அவள் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தது. அழைத்தால் போலீஸ் உடனே வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அந்தப் பகுதியில் கிடையாது. கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு துவாரங்கள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா, அது காட்டுவதைப் படுக்கையறையிலிருந்தே பார்க்க ஒரு திரை, வந்தவரோடு பேச ஒலிவாங்கி, நம்பினால் கதவைத் திறக்க ஒரு பொத்தான், சந்தேகித்தால் உதவியை அழைக்க இன்னொரு பொத்தான் என்று இருவருமாக வகுத்த இந்த ஏற்பாட்டுக்கு 1966-இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2-ஆம் தேதி காப்புரிமை பெற்றார்கள்.

வீட்டுக் காவல் கேமராவின் மூலவடிவத்தில் திரை இருந்த இடம், வீட்டுக்குள் தனியாக இருந்த பெண்ணின் படுக்கையறை. பார்ப்பவள் அவள், பார்க்கப்படுகிறவன் வாசலில் நிற்பவன். இன்றோ வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் தாயைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கே கேமரா வாங்குகிறார்கள். சென்னையில் கடைக்காரரிடம் விசாரித்தபோது நானும் அதைத்தான் கேட்டேன் என்பது நினைவுக்கு வந்து, எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி

பங்காளிகளிடம் சம்மதம் கேட்கும் படலம். ஐவருக்கும் பொதுவான வீட்டில் ஒருவன் மட்டும் கண் வைப்பது முறையாகாது என்று எனக்கே தோன்றியது. சட்டமும் அந்தப் பக்கந்தான் நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கூட்டாக வாழும் வீட்டின் வசிப்பிடப் பகுதிக்குள், உடன் வசிப்பவரின் சம்மதமின்றிக் கேமரா இயங்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் இவ்வாண்டு கூறியிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

நால்வரும் உடனே சரி என்றார்கள். மலேசியாவிலிருக்கும் பெரியப்பச்சி மகன் அண்ணன் மட்டும், வளவிலும் ஒன்று வைத்தால் தன் அறைப்பூட்டைத் தினமும் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டார். எனக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்தது. பூட்டுக்காக அல்ல, ஆத்தா வழுக்கி விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற பயத்துக்காக. அவளிடம் சொன்னேன். வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பாராமலே, "ஏப்பா, காவல் வீட்டுக்கா, எனக்கா?" என்றாள். சற்றுப் பொறுத்து, "எண்ணெய் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், சேலை விலகிக் கிடப்பேன், அழுதுக்கிட்டுக்கூட இருப்பேன். அதெல்லாம் எதுக்கு ஒருத்தர் பாக்கணும்?" என்றாள்.

அப்பச்சி போய் ஒன்பது வருஷமாகிறது. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வளவில் கேமரா இல்லை என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாகக் கம்பியில்லா அழைப்புமணி ஒன்றை வாங்கி, பொத்தானை ஆத்தாவின் இடுப்புச் சுருக்குப்பையிலும் மணியைப் பக்கத்து வீட்டு ஆச்சியின் சமையலறையிலும் வைத்தேன். பிரவுன் தம்பதியின் இரண்டாவது பொத்தான் இது.

ஜூன் 8, ஞாயிறு

இந்த வீட்டின் சுவர்கள் இரண்டடிக் கனம். முகப்பில் வைத்த வைஃபை இரண்டாங்கட்டைத் தாண்டவில்லை என்பதை நேற்றே சோதித்தாயிற்று. ஆகவே கேபிள்தான். ஒரே கேபிளில் மின்சாரமும் செய்தியும் சேர்ந்து செல்லும் முறைக்கு 2003-இல் நியமம் வகுக்கப்பட்டது. நெட்வொர்க் ஸ்விட்சின் ஒரு வாயிலிலிருந்து 15.4 வாட் புறப்பட்டால், நீண்ட கம்பியில் தேய்மானம் போக 12.95 வாட் மறுமுனைக்குக் கிடைக்கும் என்பது கணக்கு. இரவு விளக்கெரியும் சாதாரணக் கேமராவுக்கு அது தாராளம். நூறு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதே நிபந்தனை. ஓட்டு வரிசையை ஒட்டியே கயிறு பிடித்து அளந்ததில், ஆத்தாவின் அறையிலிருந்து பின்வாசல் வரைக்கும் 71 மீட்டர் வந்தது.

கடையில் முதலில் கொடுத்த கேபிள் சுருள் விலை மலிவாக இருந்தது. வேலைக்கு வந்த எலக்ட்ரீசியன் தம்பி அதில் ஓர் இழையை உரித்து, பேனாக்கத்தி முனையால் இலேசாகச் சுரண்டிக் காண்பித்தார். செந்நிறம் போய் உள்ளே வெள்ளி நிறம் பளிச்சிட்டது. செம்பு பூசிய அலுமினியம். மின்தடை கூடுதல் என்பதால், நீண்ட ஓட்டத்தில் மின்னழுத்தம் இறங்கி, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் வேளையில் கேமரா அணைந்து அணைந்து எழும் என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு முழுச் செம்புக் கேபிளே வாங்கினோம். அந்த இளைஞருடைய தொழில் நேர்மையை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சில் டிரில் போட நான் சம்மதிக்கவில்லை. கண்ணாடிபோல் முகம் தெரியும் அந்தச் சுவரில் ஒரு துளை விழுந்தால், இன்று அதை அடைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. தாத்தா காலத்து மின்கம்பிகள் ஓடிய மரச்சட்டத்தின் மூடியைக் கழற்றினோம்; வெள்ளெலும்புபோல் உலர்ந்த பழைய கம்பிகள் பருத்தி உறையோடு உதிர்ந்து விழுந்தன. அவை கிடந்த பள்ளத்திலேயே புதுக் கேபிளைப் படுக்கவைத்து மூடினோம். முகப்புக் கேமரா, அரிக்கன் விளக்கு தொங்கிய இரும்புக் கொக்கியிலேயே ஏறிற்று.

ஜூன் 9, திங்கள்

நான்கு கேமராக்கள்: முகப்பு, பின்வாசல், கிணற்றுச் சந்து, மாடிப்படி வாயில். கேமராவின் திறமையைத் தூரத்தால் மட்டுமே அளப்பது தவறென்று இன்று தெளிந்தேன். ஒருவரை இன்னாரென்று ஐயமற அடையாளங் காண, படத்தில் மீட்டர் ஒன்றுக்கு 250 புள்ளிகள் வேண்டுமென்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. எங்கள் கேமராவின் படம் 2560 புள்ளி அகலமுடையது. எனவே அது பத்து மீட்டர் அகலத்துக்கு மேல் விரியுமிடத்தில், வந்தவன் ஆள் என்று தெரியுமேயன்றி யாரென்று தெரியாது. முழுத் தெருவையும் காட்டும் அகன்ற லென்சில் ஆசை வைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாங்கள் பின்வாசலுக்குக் குறுகிய கோணமுள்ள 6 மில்லிமீட்டர் லென்சைப் பொருத்தி, ஓட்டு விளிம்பின் உச்சியில் வைக்காமல் ஆள் முகம் பார்க்கும்படி சற்றே தாழ்த்தி வைத்தோம்.

கிணற்றுச் சந்தில் ஒரு சங்கடம். எப்படித் திருப்பினாலும் பக்கத்து வீட்டுத் துவைகல் படத்தின் ஓரத்தில் விழுந்தது. அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிடும் வசதி கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. மறைத்த பகுதி பதிவாவதும் இல்லை. மறைத்த பின், பக்கத்து வீட்டு ஆச்சியைக் கையோடு அழைத்துவந்து திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க படிக்கல்லும் தெரியுதே தம்பி" என்றார். உண்மைதான், நான் கவனிக்கவில்லை. கட்டத்தை இன்னும் ஒரு சாண் இழுத்தோம். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் நாள்தோறும் அந்தப் படியில் கூச்சத்தோடு இறங்கியிருப்பார்.

ஜூன் 12, வியாழன்

பதிவுப் பெட்டியில் 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க். கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்கு 21.6 கிகாபைட், நான்குக்கும் 86.4. இருபத்துமூன்று நாள் இருக்கும்; பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். குமிழ் போனதை ஆத்தா கண்டது நான்காம் நாள். ஆகவே இது போதும்.

அதைவிட முக்கியமானது பாஸ்வேர்டு. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், கேமராக்களும் ரவுட்டர்களும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கொண்டிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைத் தன்வசப்படுத்தியது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி, அவற்றை ஏவி இணையத்தின் முகவரிச் சேவை நிறுவனம் ஒன்றைத் தாக்கியதில், அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பலவும் மணிக்கணக்கில் முடங்கின. வீட்டைக் காக்க மாட்டிய கண் உரியவருக்கே தெரியாமல் அந்நியனுக்குப் பணிபுரிந்தது என்பதை எண்ணுகையில் உடல் கூசுகிறது. எங்கள் கேமராக்களைத் தனி ஸ்விட்சில் ஒதுக்கி, இணையத்தை எட்டாதபடி தடுத்துவிட்டேன். வெளியூரிலிருந்து பார்க்க வி.பி.என். ஒன்றே வழி. நான்குக்கும் நான்கு நீண்ட பாஸ்வேர்டுகள். அவற்றை எழுதிய தாளை ஆத்தா வாங்கி, பெட்டகத்தில் அப்பச்சியின் கணக்கேட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள். பங்காளிகளுக்கு வேண்டுமானால் அவளைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

திரை அவள் அறையில், பெட்டகத்தின்மேல், வெற்றிலைப் பெட்டிக்கு அருகில்.

ஜூன் 15, ஞாயிறு

மின்வெட்டு, ஒரு மணி நேரம். யு.பி.எஸ். தாங்கியது.

ஜூன் 25, புதன். அமாவாசை.

ஊருக்குத் திரும்புமுன் இருட்டைச் சோதிக்கவே இன்றைக்காகக் காத்திருந்தேன். அந்தி மங்கிய கணத்தில் முகப்புக் கேமராவுக்குள் 'டக்' என்று மெல்லிய ஓசை எழுந்து, உள்ளிருக்கும் வடிகட்டி விலகி, திரையில் வண்ணம் வடிந்து கறுப்பும் வெளுப்புமாயிற்று. லென்சைச் சுற்றிய சிறு விளக்குகள் கனலும் ஊதுவத்தி முனைபோல் மங்கிய சிவப்பாகத் தெரிந்தன. எட்டு மணி சுமாருக்குப் பின்வாசல் படம் முழுவதும் வெண்புகை படர்ந்தாற்போல் மங்கிப்போகவே, கருவி பழுதோ, ஈரம் புகுந்துவிட்டதோ என்று நான் கலங்கி எலக்ட்ரீசியன் தம்பியை அழைக்கப் போனேன்.

"அது சிலந்தி கூடு கட்டுதப்பா. மூணு நாளாக் கட்டுது, நானும் தட்டி விடுறேன்" என்றாள் ஆத்தா. ஒட்டடைக்கம்பை எடுத்துக்கொண்டு, டார்ச்சு விளக்கோடு இரண்டாங்கட்டைக் கடந்து பின்வாசலுக்குப் போனாள். நான் அவள் அறையிலேயே நின்று திரையைப் பார்த்தேன். கம்பின் நுனி படத்துக்குள் பெரிதாக நீண்டு, வெண்புகையைச் சுருட்டி எடுத்தது. அதன் பின்னே, அண்ணாந்த அவள் முகம், ஒரு மயிரிழைகூடத் தப்பாமல் துல்லியமாகத் தெரிந்தது. கேமராவை நேருக்கு நேர் பார்த்து, "இப்பத் தெளிஞ்சிருச்சா?" என்று அவள் கேட்டது, கட்டுகளைத் தாண்டி என் காதில் நேராகவே விழுந்தது.

திரும்பி வந்ததும், பின்கதவின் தாழ்ப்பாள் விழுந்திருப்பதைத் திரையில் ஒருமுறை பார்த்துக்கொண்டு, பழைய வேட்டித் துண்டொன்றைத் திரையின்மேல் போட்டு மூடிவிட்டுப் படுத்தாள்.