‘அப்பா’ என்னும் அரமேயச் சொல்

மாற்கு தம் நற்செய்தியைக் கிரேக்கத்தில் எழுதினார். ஆயினும் இறந்த சிறுமியின் படுக்கையருகிலும், செவிடனைக் குணமாக்கிய வேளையிலும், ஜெத்சமெனித் தோட்டத்திலும் ஆண்டவர் மொழிந்த அரமேயச் சொற்களை அவ்வாறே விட்டுவைத்தார். ‘தலித்தா கூம்’, ‘எப்பத்தா’, ‘அப்பா’ என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் கிரேக்கத்தில் பொருளும் எழுதினார். அவருடைய வாசகர் பலர் அம்மொழி அறியாதவர். கலிலேயரின் வீட்டுமொழியோ அதுவே. தலைமைக் குருவின் முற்றத்தில் இராயப்பரைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சுத்தான்.

சின்னப்பரும் கலாத்தியருக்கும் உரோமையருக்கும் கிரேக்கத்தில் எழுதிய திருமுகங்களில் ‘அப்பா’ என்பதை மொழிபெயர்க்காமல் வைத்து, பின்னர்ப் பொருள் கூறுகிறார். கலிலேயத்தைக் கண்டிராத மக்களும் அச்சொல்லால் செபித்தனர்.

இச்சொல்லில் நாமே ஒருமுறை தவறினோம். இளங்குருவாயிருந்த நாளில், இது பால்மணம் மாறாக் குழந்தையின் மழலை என்று பிரசங்கத்தில் உருகினோம். மக்களும் கண் கலங்கினர். பின்னரே, ஜேம்ஸ் பார் என்னும் விவிலிய அறிஞர் 1988-இல் அக்கருத்தை மறுத்து எழுதியதை வாசித்தோம். வளர்ந்த மக்களும் தந்தையை அவ்வாறே விளித்தனராம்.

தமிழின் ‘அப்பா’வுக்கும் அதற்கும் ஒலியொப்புமை உண்டு, அதற்காக உறவு கொண்டாட வேண்டாம். ஆனால் வழக்கு ஒத்திருப்பதை நாம் கவனித்திருக்கலாம். சென்ற தவக்காலத்தில் ஓர் அடக்கச் சடங்கு. பெட்டியை மூடுமுன், தலை நரைத்த மூத்த மகன் குனிந்து, ‘அப்பா’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.