டேங்கில் எழுதிய எண்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

ராயபுரத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பெகாசஸ் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. ஒரிஜினலாம். ஆலிவ் கிரீன். ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்களேன்." வரத் தேவையில்லை, அது போலி என்றேன். பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டான்.

2018இல் ராயல் என்ஃபீல்டு, கிளாசிக் 500 பெகாசஸ் என்று உலகம் முழுமைக்கும் ஆயிரம் வண்டிகள் மட்டும் விட்டது. இரண்டாம் உலகப் போரில் பாரசூட் வீரர்களோடு வானத்திலிருந்து இறக்கப்பட்ட 125 சிசி 'ஃப்ளையிங் ஃப்ளீ'யின் நினைவாக வந்த வண்டி. பழுப்பு, ஆலிவ் பச்சை என இரண்டு நிறம். இந்தியாவுக்கு ஒதுக்கிய 250 வண்டிகளும் பழுப்புதான். நம் ஊரில் ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு உரியது. மத்திய மோட்டார் வாகன விதி 121 மற்றவர்கள் அதைப் பூசக் கூடாது என்கிறது. ஆகவே டிஎன் நம்பர் போட்ட பச்சைப் பெகாசஸ் எங்கே நின்றாலும், அது யாரோ ஒரு பெயின்ட்டரின் கைவேலை.

விற்பவர் அசரவில்லையாம். "இது ஃபாரின் பீஸ், கப்பல்ல வந்து ஹார்பர்ல எறங்குனது" என்றிருக்கிறார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனிடமே இந்தக் கதை! அப்படியானால் கஸ்டம்ஸ் பில் ஆஃப் என்ட்ரியைக் காட்டச் சொல் என்றேன். சாயங்காலத்துக்குள் அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பிப்ரவரி 12, புதன்

பச்சை சுலபம். பழுப்புதான் கஷ்டம். இந்தியாவின் 250 வண்டிகளும் 178 நொடிகளில் விற்றுத் தீர்ந்ததாக நிறுவனம் அறிவித்தது. கிடைக்காதவர்களின் ஏக்கத்தில்தான் போலி பிறக்கிறது. பெகாசஸின் இன்ஜின் சாதாரண கிளாசிக் 500இன் அதே 499 சிசி. வித்தியாசமெல்லாம் வெளித்தோலில்: பழுப்பு கைப்பிடி, பித்தளை பக்கிள் வைத்த தோல்பட்டை, கேன்வாஸ் பை, கறுப்பாக்கிய சைலன்சர், டேங்கில் சிறகு விரித்த குதிரைச் சின்னம், அதோடு ஸ்டென்சிலில் எழுதிய வரிசை எண். நல்ல பெயின்ட்டர் ஒருவருக்கு இதெல்லாம் ஒரு வார வேலை. இரண்டு வண்டியில் ஒரே வரிசை எண் எழுதினால் தடுக்க ஆளில்லை.

அமெரிக்கர்கள் இந்தத் தலைவலியை அறுபது வருடமாகப் படுகிறார்கள். 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓ, மஸில் கார்களின் முன்னோடி என்பார்கள். உண்மையில் அது லீமான்ஸ் காருக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஒரு சேர்க்கை. 1964, 65 மாடல்களின் சேசிஸ் எண்ணைப் பார்த்து ஜிடிஓவா லீமான்ஸா என்று சொல்லவே முடியாது. 1966இலிருந்துதான் எண்ணிலேயே தெரியும். அதனால் அங்கே வாங்குபவர்கள் காரைவிட, ஆலைப் பதிவேட்டின் நகலை முதலில் கேட்கிறார்கள். அதைத் தேடி எடுத்துக் கொடுக்கப் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்று ஒரு அமைப்பே இருக்கிறது.

அக்கா மகனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: டேங்க் எண்ணை நம்பாதே. ஷோரூம் இன்வாய்ஸில் மாடல் பெயர், ஆர்.சி.யில் நிறம், பதிவான தேதி, ஃப்ரேமில் பொறித்த எண் – நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். 2016இல் பதிவான 'பெகாசஸ்' பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை.

பிப்ரவரி 16, ஞாயிறு

தண்டையார்பேட்டை மெக்கானிக் அண்ணன் கூப்பிட்டிருந்தார். ஷெட்டில் ஒரு 350 புல்லட். உடைமையாளர் சொல்லும் வரலாறு: "ஆர்மி வண்டி, அம்பத்தஞ்சு மாடல், இங்கிலாந்து மேக்."

இந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு. 1950களின் நடுவில் ராணுவத்துக்காக 350 சிசி புல்லட் 800 கேட்டது இந்திய அரசு. மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையோடு சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தது. திருவொற்றியூரில் முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் 1967இல் மூடிவிட்டது, 1970இல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றது. திருவொற்றியூர் மட்டும் அதே வார்ப்பிரும்பு இன்ஜினைப் பெரிய மாற்றமில்லாமல் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை செய்துகொண்டே இருந்தது. புல்லட்டைக் காப்பாற்றியது இந்தப் பிடிவாதம்தான். போலிக்காரர்களுக்கு வழி திறந்ததும் இதுவே. தொண்ணூறில் வந்த வண்டியில் புதுப்பேட்டையில் பொறுக்கிய பழைய ஹெட்லைட்டும் டேங்கும் கச்சிதமாக உட்காரும்.

அண்ணன் வண்டியின் பளபளப்பைத் திரும்பியே பார்க்கவில்லை. "பெயின்ட் பாக்காத தம்பி. கழுத்தப் பாரு" என்று ஹேண்டிலுக்குக் கீழே டார்ச் அடித்தார். மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடைத்து, மேலே வெள்ளைத்தாளை ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட். கண்ணுக்குத் தெரியாதது தாளில் வந்தது: எண்களுக்குப் பின்னால் மெல்லிய சாய்ந்த கோடுகள். கிரைண்டர் போன தடம். சுத்தியலால் ஒவ்வொன்றாகக் குத்திய பழைய எண்கள் ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலாகவும், வரிசை சற்றுக் கோணலாகவும் இருக்கும். இங்கே எல்லாம் ஒரே ஆழம், ஒரே அளவு. எண் இருந்த இடம் சுற்றியுள்ள இரும்பைவிட நூலளவு பள்ளமாகவும் இருந்தது. கிராங்க் கேஸ் எண் மட்டும் பழைய குத்து, அழுக்கோடு அப்படியே.

உடைமையாளர் முகம் தொங்கிப்போனது. அவர் ஏமாற்றியவரல்ல, ஏமாந்தவர். திருட்டு வண்டியின் ஃப்ரேமாகவும் இருக்கலாம் என்பதால், எழுத்தில் ஒரு புகார் கொடுத்துவிடுங்கள் என்றேன். அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பிப்ரவரி 20, வியாழன்

மாலையில் தேரடிப் பக்கம், என்ஃபீல்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரோடு பேச்சு. டேங்கில் ஓடும் தங்கக் கோட்டைக் கையால் இழுப்பார்கள், தெரியும். அதை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம் என்றார் அவர். தூரிகைக் கோடு ஆரம்பிக்கும் இடமும் முடியும் இடமும் சந்திக்கும் முனையில் பெயின்ட் துளி கனமாக இருக்கும். ஸ்டிக்கரானால் வெட்டினதுபோல் ஓரம் தட்டும்.

120ஆம் ஆண்டு நினைவு 650களைப் பற்றியும் கேட்டேன். 2021இல் உலகுக்கு 480, இந்தியாவுக்கு 120: இன்டர்செப்டர் அறுபது, கான்டினென்டல் ஜிடி அறுபது. டேங்கின் பித்தளைச் சின்னத்தைக் கும்பகோணத்துச் சிற்பிக் குடும்பத்தோடு சேர்ந்து செய்தார்கள். கறுப்புக் குரோமும் திருவொற்றியூர் வேலைதான். "பித்தளைய எவன் வேணா வார்ப்பான். அந்தக் குரோமப் போட்டுக் காட்டச் சொல்லு" என்று சிரித்தார். ஆலைக்காரப் பெருமிதம், ஆனாலும் சரியான பேச்சு.

மார்ச் 2, ஞாயிறு

அக்கா மகன் இப்போது ஒரு 1974 புல்லட் பின்னால் அலைகிறான். இன்ஜின் பாதியில் மாற்றியது. ஆனால் மாற்றியதை ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்கள். "ஃப்ரேமும் இன்ஜினும் மேட்சிங் நம்பர் இல்லையே மாமா" என்று தயங்கினான். பொய்யாகக் குத்திய மேட்சிங் நம்பரைவிட, உண்மையாக எழுதிய மாற்று இன்ஜின் எனக்கு எத்தனையோ மேல். விலை குறையும், குறையட்டும்.

அதை வின்டேஜாகப் பதிய முடியுமா என்பது வேறு கேள்வி. 2021 ஜூலையில் வந்த விதித்திருத்தம் ஐம்பது வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துகளோடு தனி நம்பர் தருகிறது. புதுப் பதிவுக்கு ₹20,000, பத்து வருடம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது. தினமும் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்ட நினைப்பவனுக்கு அந்த நம்பர் எதற்கு? சாதாரண ஆர்.சி.யே போதும், வாங்கிக்கொள் என்றேன்.

வீட்டில் பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயின்ட்டரிடம் விடுவதற்கு முன் கழுத்து எண்ணையும் கிராங்க் கேஸ் எண்ணையும் பென்சில் பிரிண்ட் எடுத்து, தேதி போட்டு, பழைய ஆர்.சி. புத்தகத்துக்குள் வையுங்கள். அந்த இரண்டு இடத்திலும் உப்புத்தாளும் மணல் பிளாஸ்டிங்கும் வேண்டாமென்று வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அழிந்த எண்ணைத் திரும்பக் குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியைத் தள்ளிக்கொண்டாவது அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.